இடக்கரடக்கல்

மூத்திரம் என்றே எழுதப் போகிறேன். சிறுநீர் என்று எழுதினால் கட்டுரை ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டின நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும். எங்கம்மா ஒருநாளும் சிறுநீர் கழித்ததில்லை. அவள் ஒன்னுக்குப் போனாள், அல்லது போகாமல் அடக்கிக்கொண்டாள். பெரும்பாலும் அடக்கிக்கொண்டாள்.

நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். நன்னூலில் தகுதி வழக்கு மூன்று என்று மனப்பாடம் செய்திருக்கிறேன்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. சபையில் சொல்லக்கூசுகிற சொல்லை மறைத்து வேறு சொல்லால் சொல்வது இடக்கரடக்கல். கால் கழுவி வந்தான் என்பது எடுத்துக்காட்டு. பவணந்திக்கு முன்னாலேயே தொல்காப்பியரும் சொல்லதிகாரத்தில் இதைச் சொல்லிவிட்டார். அவையில் ஆகாத சொல்லை மறைத்துச் சொல்ல வேண்டுமாம். அந்த அவையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் வகுப்பில் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் அப்போது இல்லை. எங்க தெருப் பொம்பளைகள் யாரும் அந்த அவையில் இல்லை என்பது மட்டும் தெரியும். அவர்கள் வயலில் குனிந்து நின்றார்கள். அவர்கள் வாயில் வந்த சொல்தான் அவைக்கு ஆகாத சொல். தலித் எழுத்து வந்தபோது கொச்சை, ஆபாசம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டவர்கள் எல்லாம் இந்த இலக்கணத்தின் வாரிசுகள்தான்.

சொல்லை அடக்குவது இலக்கணம் என்றால் மூத்திரத்தை அடக்குவது என்ன? அதற்கும் ஒரு பேர் இருக்க வேண்டுமே. நான் இங்கே எழுதப் போவது அந்த நோயைப் பற்றி. அதன் அடையாளங்களைப் பற்றி. அதை ஏன் எங்க ஆட்கள் நோய் என்றே நினைப்பதில்லை என்பதைப் பற்றி.

பதினோராம் வகுப்புக்குப் போகிற வருஷம் குறுவை நடவுக்கு அம்மாவோடு போனேன். மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி திறந்தால் எங்க ஊர் மடைக்குத் தண்ணீர் வந்து சேரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். (திறந்தால். திறக்காத வருஷங்களின் கதை வேறு.) அந்தத் தடவை வந்துவிட்டது. வரிசையில் பதினெட்டுப் பேர் நின்றோம். காலையில் ஏழு மணிக்கு வயலில் இறங்கினால் பொழுது உச்சி தாண்டித்தான் கரையேறலாம். நடவில் ஒரு வில்லங்கம் உண்டு. வரிசையில் ஒருத்தி ஏறிப் போனால் அவள் இடம் பாக்கியாக நிற்கும். பக்கத்தில் இருப்பவள்தான் அதையும் சேர்த்து நடவேண்டும். ஏக்கருக்கு இவ்வளவு என்று கான்ட்ராக்ட் பேசி இறங்கிவிட்டால் எழுந்து போகிறவள் எல்லாருடைய கூலியிலும் மண் போடுகிறவள். அதனால் யாரும் ஏறுவதில்லை.

ஏறினால் எங்கே போவது? தஞ்சாவூர்ச் சீமை என்றால் பாட்டெழுதுகிறவர்களுக்கு எட்டிய மட்டும் பச்சை. எங்களுக்கு எட்டிய மட்டும் மறைப்பில்லை. ஒரு புதர் கிடையாது. வாய்க்கால் ஓரம் இருந்த கருவைமுள்ளையும் தூர்வாரும்போது வழித்துவிட்டார்கள். வரப்பில் நிலத்துக்காரர் குடையோடு நிற்பார். ரோட்டில் பைக்கில் போகிறவன் வேகத்தைக் குறைத்துப் பார்த்துக்கொண்டு போவான். அம்மா பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ முணுமுணுத்தாள். அப்புறம் குனிந்தபடியே, நாத்து முடியைக் கையில் வைத்தபடியே, கொஞ்ச நேரம் நடாமல் நின்றாள். முகத்தைச் சுளித்தாள். அந்தப் பெண் தன் உடம்பால் அவளை வரப்புப் பக்கம் மறைத்துக்கொண்டாள். எனக்கு அப்போது புரியவில்லை. அம்மா சேற்றில் நின்றபடியே போய்க்கொண்டிருந்தாள். கரைக்கு வந்ததும், "எத்தினி வருசமா இப்புடித்தான் புள்ள. நனைஞ்ச சீல நனைஞ்சது தானே" என்றாள்.

பண்ணைக்கு இது தெரியாதா? தெரியும். "நடவாளு மூத்திரமும் உரந்தான்" என்று ஒருத்தர் சிரித்ததை என் காதால் கேட்டிருக்கிறேன். அந்த வயலில் விளைந்த அரிசியைப் பொங்கி எந்தச் சாமிக்குப் படைத்தாரோ.

அன்றைக்கு இராத்திரி அம்மா பத்துத் தடவை எழுந்து கொல்லைக்குப் போனாள். போனால் நாலு சொட்டுத்தான் வரும். வந்து படுப்பாள். படுத்த ஐந்தாம் நிமிஷம் மறுபடி முட்டும். "கடுக்குது, நெருப்பு வச்சாப்பல எரியிது" என்பாள். அடிவயிற்றைக் கையால் அமுக்கிக்கொண்டு கவிழ்ந்து கிடந்தாள். விடிந்ததும் ஆயா கால் பெருவிரல் ரெண்டிலும் சுண்ணாம்பு தடவிவிட்டது. "சூடு புடிச்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்றது. நீராகாரம் கொடுத்தது. ஏழு மணிக்கு அம்மா வயலுக்குப் போய்விட்டாள்.

சூடு. எங்க தெருவில் பொம்பளைக்கு வருகிற நோயில் பாதிக்கு இதுதான் பேர். நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, நீரெரிச்சல், சொட்டுமூத்திரம் என்று நம் பாஷையில் எத்தனையோ சொல் இருக்கிறது. சித்த வைத்தியத்தில் சிறுபீளை, நெருஞ்சில் என்று மூலிகையும் இருக்கிறது. இவ்வளவு பேர் வைத்திருக்கிறார்கள் என்றால் எத்தனை தலைமுறை இந்த எரிச்சலோடு குந்தியிருக்க வேண்டும்! ஆனால் சூடு என்று சொன்ன மாத்திரத்தில் அது வெயிலின் குற்றமாகிவிடுகிறது. உடம்பின் வாகாகிவிடுகிறது. தலையெழுத்தாகிவிடுகிறது. வயலில் இறக்கிவிட்டு மறைப்புத் தராதவன் தப்பித்துக்கொள்கிறான். சொல்லில் இப்படியும் ஒரு இடக்கரடக்கல் உண்டு.

அது சூடு இல்லை தோழர்களே. கிருமி. பெரும்பாலும் ஈ-கோலி என்கிற பாக்டீரியா. எல்லார் குடலிலும் இருக்கிறது. குடலில் இருக்கும்வரை பெரிய தொந்தரவில்லை. மூத்திரம் போகிற குழாய் வழியாக ஏறி மூத்திரப்பையில் தங்கிப் பெருகினால் அங்கே புண்ணாகி வீங்குகிறது. ஆணுக்கு அந்தக் குழாய் ஏறக்குறைய இருபது சென்டிமீட்டர். பெண்ணுக்கு நாலு. கிருமி ஏறிவர வேண்டிய தூரம் அவ்வளவுதான். அதனால்தான் இது பெண்களை அதிகம் பிடிக்கிறது. உலகத்தில் பெண்களில் பாதிப்பேருக்காவது வாழ்நாளில் ஒருமுறை வருகிறது. அடிக்கடி ஒன்னுக்குப் போனால் வந்த கிருமியை மூத்திரமே கழுவிக்கொண்டு போய்விடும். தண்ணீர் குடிக்காமல், நாள் பூரா அடக்கிக்கொண்டு நின்றால் கிருமிக்குக் குடியிருக்க இடமும் நேரமும் நாமே கொடுத்ததாகிறது. சேற்றுத்தண்ணீரில் நிற்பதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அடக்குவதும் குடிக்காததும்தான் என் வழக்கு.

அடையாளத்தை எங்க தெருப் பாஷையிலேயே சொல்கிறேன், கூட்டத்தில் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். போகும்போது எரியும், முடிகிற நேரத்தில் சுருக்கென்று கடுக்கும். முட்டிக்கொண்டு வரும், ஓடிப்போய்க் குந்தினால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். எழுந்து பாவாடையைச் சரிசெய்வதற்குள் மறுபடி போகவேண்டும் போலிருக்கும். அடக்க முடியாமல் வழியிலேயே போய்விடுவதும் உண்டு. தொப்புளுக்குக் கீழே கனத்துப்போய் வலிக்கும். மூத்திரம் கழுநீர் மாதிரிக் கலங்கியிருக்கும், நாற்றம் வழக்கத்துக்கு மாறாக இருக்கும், சிலசமயம் ரத்தம் கலந்து சிவந்து வரும். இது மூத்திரப்பையோடு நிற்கிற நோய். இதற்கு இரண்டொரு நாளில் சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் ஒரு புறமாகக் குத்தினால், குமட்டி வாந்தி எடுத்தால், அது சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். அப்போது ஒரு இராத்திரிகூடத் தாமதிக்கக்கூடாது. சுண்ணாம்பு தடவிக்கொண்டு விடியட்டும் என்று இருந்தால் கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே உலை வைக்கும். வயதான கிழவிகளுக்கு எரிச்சல் தெரியாமலேயே காய்ச்சல் வரலாம், திடீரென்று ஆள் தெரியாமல் பிதற்றலாம். சர்க்கரை உள்ளவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆம்பளைக்கோ சின்னப் பிள்ளைக்கோ வந்தால் லேசாக எடுத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். எரிச்சலோடு அரிப்பும் வெள்ளைப்படுதலும் இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம், அதற்கு மருந்தும் வேறு. இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் உருட்டிப் போடுகிற வலி கல்லாக இருக்கலாம். எரிகிறது என்றாலே ஒரே மாத்திரை என்று மருந்துக்கடையில் கைநீட்டுவது ஆபத்து.

முழுக்குப் போட்டுவிட்டு எழுதுகிற மாதிரி இதையெல்லாம் எழுதிவிட்டேன். ஆனால் நான் கற்றுக்கொண்ட விதம் அப்படியில்லை.

எங்கண்ணிக்கு ஏழாம் மாசம். தலைப்பிள்ளை. சம்பா நடவுக்குப் போகாதே என்று அண்ணன் சொன்னது. கூட்டுறவு நகைக்கடன் தவணைக்கு வேறு வழியில்லாமல் அண்ணியே கிளம்பியது. பத்து மைல் தள்ளி வேறு ஊர். மினி லாரியில் நின்றுகொண்டு போகணும். லாரி வழியில் நிற்காது. அதனால் காலையில் டீத்தண்ணிகூடக் குடிக்காமல் ஏறும். பிள்ளை வயிற்றில் கனத்தால் மூத்திரம் அடிக்கடி முட்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. அண்ணி நாலு நாள் அடக்கிக்கொண்டு நட்டது. ஐந்தாம் நாள் குளிர்காய்ச்சல். பக்கத்து ஊரில் ஊசி போடுகிற ஒருத்தர் இருந்தார், டாக்டர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். மழைக்காலத்துக் காய்ச்சல் என்று ரெண்டு ஊசி போட்டார். மூத்திரம் எப்படிப் போகுது என்று அவர் கேட்கவில்லை. அண்ணியும் சொல்லவில்லை. ஆம்பளையிடம் அதை எப்படிச் சொல்வது? எங்களிடமே சொல்லவில்லை.

மறுநாள் ஒரு தனியார் கிளினிக். மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே ஊர்ப்பேர் கேட்டார்கள். ஊர்ப்பேர் சொன்னதும் தெருப்பேர் கேட்டார்கள். தெருப்பேர் சொன்னதும் அவர்களுக்குத் தெரியவேண்டியது தெரிந்துவிட்டது. "நீங்கள்லாம் சுத்தமா இருக்கக் கத்துக்கணும்" என்று சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். தொட்டுப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் தஞ்சாவூர் இராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மிராசுதார் பேரைப் பார்த்துக்கொண்டே அண்ணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனது நினைவிருக்கிறது. எங்களுக்குச் சேற்றை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பேரைக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அங்கேதான் ஒரு டாக்டரம்மா அண்ணியின் முதுகில் விலாவுக்குக் கீழே லேசாகத் தட்டிப் பார்த்தார். அண்ணி துள்ளியது. "எத்தனை நாளா எரிச்சல்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. அண்ணி அழுதுகொண்டே சொன்னது. மூத்திரப் பரிசோதனையில் சீழ் அணுக்கள் நிறைய இருந்தன. அன்றிரவே வலி எடுத்துவிட்டது. பிள்ளை பெண். மூன்று நாள் இருந்தது.

அந்த டாக்டரம்மா என்னை உட்காரவைத்து எல்லாம் விளக்கினார். கருவுற்ற பெண்ணுக்குச் சிறுநீர்க் குழாய்கள் தளர்ந்துபோகும், கர்ப்பப்பையும் அழுத்தும், மூத்திரம் தேங்கும், கிருமி எளிதாக மேலே ஏறும். சிலருக்கு எரிச்சல், கடுப்பு எதுவுமே இல்லாமல் மூத்திரத்தில் கிருமி இருக்கும். அதைக் கண்டுபிடித்து மருந்து கொடுக்காவிட்டால் சிறுநீரகத்துக்கு ஏறலாம், குறைப்பிரசவம் ஆகலாம், பிள்ளை எடை குறைந்து பிறக்கலாம். அதனால்தான் மாசமாக இருக்கிறவளிடம் எரிகிறதோ இல்லையோ மூத்திரம் பிடித்துத் தரச் சொல்கிறார்கள். எங்க தெருவில் அதைக் கூச்சப்பட்டுத் தராமல் வந்துவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து கொடுங்கள். முதலில் வருவதைக் கீழே விட்டுவிட்டு நடுவில் வருவதைச் சுத்தமான டப்பாவில் பிடிக்க வேண்டும். முதல் மாத்திரை போடுவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும். திரும்பத் திரும்ப வந்தால் கல்ச்சர் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகும் என்று அதில் தெரியும். கொடுத்த மாத்திரையை எரிச்சல் நின்றதும் நிறுத்தாமல் சொன்ன நாள் வரைக்கும் போட வேண்டும். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும்.

பிள்ளை எதனால் போனது என்று எங்க ஊரில் யாரும் கேட்கவில்லை. அண்ணியின் ராசி என்றார்கள். மாமியார் வீட்டுப் பொம்பளைகள் சிலர் காதோடு காதாக வேறு மாதிரியும் பேசினார்கள். அந்த இடத்தில் வந்த நோய் என்றால் நடத்தையைத்தானே முதலில் சந்தேகப்படுவார்கள். இது நடத்தையால் வருகிற நோய் இல்லை. புருஷன் பெண்டாட்டி சேர்ந்தபின் கிருமி உள்ளே தள்ளப்பட்டு வருவதுண்டு. அது கல்யாணமான எந்தப் பெண்ணுக்கும் வரலாம். சேர்ந்தபின் உடனே ஒன்னுக்குப் போய்விடுவது நல்லது என்பார்கள் டாக்டர்கள். ஒட்டுவாரொட்டி இல்லை. ஆம்பளைகள் இந்தப் பத்தியை இரண்டு தரம் படியுங்கள்.

அந்தக் கிளினிக்கில் சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். சுத்தம். அடடா, என்ன சொல்! அக்கிரகாரத்து அம்மாளுக்கும் அதே கிருமிதான், அதே நாலு சென்டிமீட்டர்தான். அவளுக்கு வந்தால் இன்ஃபெக்‌ஷன், எங்களுக்கு வந்தால் அசுத்தம். இந்த நாட்டின் கக்கூஸை எல்லாம் தலைமுறை தலைமுறையாய்க் கழுவியது யார்? மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை 1993-இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள், போதாதென்று 2013-இல் இன்னொரு சட்டம் போட்டார்கள். இன்னமும் சாக்கடைக் குழியில் இறங்கிச் செத்துப்போகிறவன் யார் வீட்டுப் பிள்ளை? உங்கள் மலத்தையும் மூத்திரத்தையும் நாங்கள் சுமந்தோம். எங்கள் மூத்திரத்தை இறக்கிவைக்க ஒரு மறைப்புக் கேட்டால் சுத்தத்தைக் கற்றுக்கொள் என்கிறீர்கள்.

தண்ணீர் நிறையக் குடிங்க என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். சரியான யோசனைதான். அடிக்கடி இந்த நோய் வந்துகொண்டிருந்த, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற 140 பெண்களை வைத்து ஒரு ஆய்வு நடந்து 2018-இல் வெளியானது. பாதிப்பேரை வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருஷத்தில் அவர்களுக்கு சராசரியாக 1.7 தடவை வந்தது, மற்றவர்களுக்கு 3.2 தடவை. வெறும் தண்ணீர்! காசில்லாத மருந்து. அந்த மருந்தைத்தான் எங்களால் குடிக்க முடியவில்லை. தண்ணீர் கிடைக்காததால் அல்ல. காவிரி எங்கள் கணுக்காலை நனைத்துக்கொண்டுதான் ஓடுகிறது. வயலுக்குப் போகிறவள் குடத்தைக் கண்ணால் பார்த்தும் குடிக்க மாட்டாள். குடித்தால் முட்டும், முட்டினால் போக இடமில்லை. 1927 மார்ச் 20-ஆம் தேதி மகாத் சௌதார் குளத்தில் இறங்கி பாபாசாகேப் ஒரு கை தண்ணீரை அள்ளிக் குடித்தார். குடிக்கும் உரிமைக்காக அடிபட்டவர்களின் பேத்திகள் நாங்கள் குடிக்கப் பயந்துகொண்டிருக்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 1948-இல் வந்த தொழிற்சாலைச் சட்டம் 19-ஆம் பிரிவில் கக்கூஸும் மூத்திரக் கூடமும் கட்டித்தர வேண்டும், பெண்களுக்குத் தனியாக வேண்டும் என்று எழுதியது. 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டமும் தேயிலைத் தோட்டத்துக்கு அதைச் சொன்னது. வயலுக்கு? தஞ்சாவூர்ப் பண்ணையாளுக்கு 1952-இல் ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவில் வெண்மணியில் நாற்பத்துநாலு பேரைக் குடிசையில் வைத்து எரித்தார்கள். கூலியாகக் கொஞ்சம் நெல் கூடக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விடமாட்டேன் என்றதும்தான் குற்றம். அதற்கப்புறம் 1969-இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971-இல் குடியிருந்த மனைக்கட்டை எங்களுக்கே சொந்தமாக்குகிற சட்டம் வந்தது. அதுவரைக்கும் குடிசை நின்ற மண்ணும் ஆண்டையின் மண்தான். குந்துகிற மண்ணும் அவன் மண்தான். சாணிப்பாலையும் சவுக்கடியையும் நிறுத்தியது போராட்டம். அதில் செத்தவர்களைக் கும்பிடுகிறேன். ஆனால் நெல்லைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் கேட்ட நாம், நட்டுக்கொண்டிருப்பவள் எங்கே மூத்திரம் போவாள் என்று ஒரு கோரிக்கை மனுவிலாவது எழுதினோமா? 2005-இல் நிறைவேறிய நூறுநாள் வேலைச் சட்டத்தில்கூட வேலை செய்யும் இடத்தில் குடிதண்ணீர், பிள்ளைகளுக்கு நிழல், ஓய்வு நேரம், முதலுதவிப் பெட்டி என்று வரிசையாகப் போட்டார்கள். கழிப்பறை அந்த வரிசையில் இல்லை. தண்ணீரைக் குடிக்கவைத்துவிட்டு எங்கே அனுப்புவதாக உத்தேசமோ.

வயல்வேலைக்கு இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். அமெரிக்காவில் தோட்டக்காட்டில் பழம் பறிக்கிற, காய் பறிக்கிற கூலிகள் வருஷக்கணக்காகச் சண்டை போட்டு 1987-இல் ஒரு விதியை வாங்கினார்கள். பதினோரு பேருக்குக் குறையாமல் வயலில் வேலை செய்தால் இருபது பேருக்கு ஒரு கழிப்பறை வைக்க வேண்டும், கைகழுவத் தண்ணீர் வைக்க வேண்டும், நடந்து போகிற தூரம் கால் மைலுக்கு மேல் இருக்கக்கூடாது. அதோடு நிற்கவில்லை. அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும், தேவைப்படும் போதெல்லாம் மூத்திரம் போக வேண்டும் என்று முதலாளியே வேலையாட்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் அந்த விதியில் இருக்கிறது. படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்க நடவு வரிசையில் பதினெட்டுப் பேர். கணக்குப் பார்த்தால் எங்களுக்கு ஒன்று வந்திருக்க வேண்டும்.

அமெரிக்கா தூரம் என்றால் கோழிக்கோடு பக்கம்தான். மிட்டாய்த் தெருவில் ஜவுளிக்கடையிலும் மற்ற கடைகளிலும் நின்றுகொண்டே வேலை செய்த பெண்கள் ஒன்னுக்குப் போக இடமில்லாமல் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள், இதே நோயில் விழுந்தார்கள். தையல் வேலை செய்த விஜி என்ற பெண் அவர்களைக் கூட்டிப் பெண்கூட்டு என்று சங்கம் வைத்தார். கக்கூஸ் கேட்டுத் தொடங்கின சண்டைதான் உட்காருகிற உரிமை வரைக்கும் போனது. 2018-இல் கேரளத்தில் சட்டத்தைத் திருத்தினார்கள், 2021-இல் தமிழ்நாட்டிலும் கடைப் பெண்களுக்கு உட்கார இருக்கை போடச் சொல்லிச் சட்டம் வந்தது. கடைக்கு வந்துவிட்டது. கழனிக்கு வரவில்லை.

இனி நம் தோழர்களிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு மாநாடு. எந்த அமைப்பு என்று வேண்டாம், எங்க ஆட்கள் அமைப்புத்தான். கிராமம் கிராமமாக லாரி வைத்துப் பெண்களைக் கொண்டுவந்தார்கள். வெயிலில் ஏழு மணிநேரம். மேடையில் தலித் பெண்ணுடலின் மீதான வன்முறை பற்றி ஒருத்தர் அழகாகப் பேசினார். பந்தலுக்குப் பின்னால் ஆம்பளைகளுக்குச் சுவர் இருந்தது. அவர்களுக்கு எப்போதும் ஒரு சுவர் இருக்கிறது. பொம்பளைகளுக்கு ஒன்றுமில்லை. கேட்டபோது, "அடுத்த தடவை பாத்துக்கலாம் தோழர், இப்ப இதுவா முக்கியம்?" என்றார் பொறுப்பாளர். என் பக்கத்தில் இருந்த ஒரு அக்கா முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பெண்ணுடல் பற்றிய பேச்சு முடிந்து கைதட்டினார்கள். அந்த அக்காவும் தட்டியது. நான் திரும்பிவந்து எழுதின கட்டுரையை, பொருள் கொஞ்சம் சின்னதாக இருக்கிறதே என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

எது சின்னப் பொருள்? எரிச்சலோடு ஆறு மணிநேரம் குனிந்து நிற்பது சின்னப் பொருளா? மூன்று நாள் இருந்துவிட்டுப் போன பிள்ளை சின்னப் பொருளா?

கக்கூஸ்தான் கட்டிக் கொடுத்துவிட்டோமே என்கிறது அரசாங்கம். 2014-இல் தூய்மை இந்தியா, வீட்டுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய், 2019 அக்டோபர் 2-ஆம் தேதி கிராம இந்தியா முழுவதும் திறந்தவெளியில் மலங்கழிப்பது ஒழிந்தது என்று அறிவிப்பு. எங்க தெருவிலும் கட்டினார்கள். தெரு இருப்பது ஊரிலேயே பள்ளமான இடம். மேட்டு நிலத்தை எங்களுக்கு எப்போது கொடுத்தார்கள்? ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் ஏறினால் குழி நிரம்பி மேலே வந்துவிடும். அதனால் சிலர் அதில் வரட்டி அடுக்குகிறார்கள், ஆடு கட்டுகிறார்கள். அதைப் போட்டோ பிடித்துப் பத்திரிகையில் போட்டு, பார்த்தீர்களா இவர்களுக்குப் பழக்கமில்லை என்கிறார்கள். சரி, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றே வையுங்கள். வீட்டில் இருக்கிற கக்கூஸ் பத்து மைலுக்கு அப்பால் வயலில் நிற்கிறவளுக்கு எப்படிப் பயன்படும்?

போன குறுவையில் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். பெரிய புரட்சி ஒன்றுமில்லை. நடவு பேசும்போதே கூலியோடு சேர்த்து, மறைப்பு ஒன்று வேண்டும், நடுவில் ரெண்டு தடவை எல்லாரும் சேர்ந்து கரையேறுவோம், யார் இடமும் பாக்கி நிற்காது என்று சொன்னோம். நிலத்துக்காரர் எங்கம்மாவைப் பார்த்து, "ஏய், ஒனக்கு இந்த வயசுல மறப்பு கேக்குதா?" என்று சிரித்தார். அம்மா எப்போதும் ஐயா என்று தொடங்குவாள். அன்றைக்குத் தொடங்கவில்லை. "ஒன்னுக்குப் போவணும், அதுக்குத்தான்" என்றாள். சுத்தி நின்றவர்கள் முதலில் சிரிக்கப் பார்த்தார்கள், அப்புறம் அடங்கிவிட்டார்கள். ஆள் பற்றாக்குறை நேரம். தலையாட்டினார், ஆனால் பைசா தரமாட்டேன் என்றார்.

நாலு மூங்கில், ரெண்டு பழைய சேலை, கூரையில்லை. மேட்டு வரப்பின் மூலையில் நட்டோம். ஒரு குடம் தண்ணீர் வைத்தோம். முதல்நாள் பதினோரு பேர் போனார்கள். மீதிப்பேர் வெட்கப்பட்டார்கள். அண்ணி ரெண்டு தடவை போய்விட்டு வந்து ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தது. வயலில் வைத்து அது தண்ணீர் குடித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் போனபோது மூங்கிலைப் பிடுங்கி வாய்க்காலில் போட்டிருந்தார்கள். சேலைகளைக் காணோம். அம்மா வாய்க்காலில் இறங்கி நாலையும் எடுத்துக்கொண்டு வந்து அதே இடத்தில் மறுபடி நட்டாள். சேலைக்குத்தான் வழியில்லை. ஒரு சின்னப்பெண் தன் தாவணியை அவிழ்த்துக் கட்டிவிட்டு, மேலே துண்டைப் போட்டுக்கொண்டு வயலில் இறங்கியது.